ஆறு தூங்குகிறதா?

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்குப் போயிருப்பீர்கள். போகாவிட்டாலும் பெயராவது கேள்விப்பட்டிருப்பீர்கள். அரியலூர் மாவட்டத்தில் திருமானூர் பக்கம், கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள ஊர். சுமார் முந்நூறு வருஷத்துக்கு முன் அங்கே தங்கியிருந்த பாதிரியார் ஒருவர் 1680-இல் இத்தாலியில் பிறந்தவர். இந்தியாவில் வந்து இறங்கியபோதே அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அ, ஆ. முதலில் தமக்கு வைத்துக்கொண்ட தமிழ்ப் பெயர் தைரியநாதர். பிறகுதான் வீரமாமுனிவர் ஆனார். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியும் 1732-இல் வந்த சதுரகராதியும் முப்பது வயதில் எழுத்துக் கூட்டிப் படித்த அந்த மனிதர் எழுதியவை.

"இருபத்திரண்டு வயசாச்சு, இனிமே எங்க இங்கிலீஷ் கத்துக்கிறது?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் இந்த வயதுக் கணக்கை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

ஆனால் இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது அவருடைய வேறொரு நூல், பரமார்த்த குரு கதை. தமிழ் கற்க வந்த ஐரோப்பியப் பாதிரிமார் நடைமுறைத் தமிழில் பழகுவதற்காக எழுதியது. 1822-இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேறியது. சின்ன வயதில் கேட்டுச் சிரித்துவிட்டு மறந்துபோன கதைதான். அதன் முதல் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகத் திரும்பிப் பார்ப்போம்.

குருவும் ஐந்து சீடர்களும் ஓர் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். ஆறு பொல்லாதது, அது விழித்திருக்கும்போது இறங்கினால் ஆபத்து, தூங்குகிறதா என்று பார்த்த பிறகே இறங்க வேண்டும் என்பது குருவின் கட்டளை. ஒரு சீடன் கையில் எரிகிற கொள்ளிக்கட்டை இருக்கிறது. எட்ட நின்றபடி அதைத் தண்ணீரில் தோய்க்கிறான். 'சுர்' என்ற சத்தத்தோடு புகை கிளம்புகிறது. விழுந்தடித்து ஓடிவந்து, ஆறு விழித்துக்கொண்டிருக்கிறது, சீறுகிறது என்கிறான்.

சரி, தூங்கட்டும் என்று கரையில் உட்கார்கிறார்கள். உட்கார்ந்தால் பேச்சு வரும். ஒரு சீடனின் தாத்தா கழுதை மேல் உப்பு மூட்டை ஏற்றி ஆற்றில் இறங்கினாராம். கரையேறிப் பார்த்தால் மூட்டைக்குள் உப்பைக் காணோம். கட்டு அவிழவில்லை, தையல் பிரியவில்லை, ஆறு அத்தனை சாமர்த்தியமாகத் திருடிவிட்டது. இன்னொருவனும் தன் பங்குக்கு ஒரு கதை சொல்கிறான். பேசப் பேச ஆறு பெருத்துக்கொண்டே போகிறது.

பிறகு மறுபடியும் சோதனை. அதே கட்டைதான், ஆனால் இப்போது அணைந்துபோன கட்டை. தோய்த்தால் சத்தமில்லை. ஆறு தூங்கிவிட்டது என்று முடிவாகிறது. நடுங்கிக்கொண்டே, சத்தம் போடாமல் கடந்துவிடுகிறார்கள். அக்கரையில் எண்ணிப் பார்த்தால் ஐந்து பேர்தான் இருக்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை எண்ணவில்லை. ஆறு ஓர் ஆளை விழுங்கிவிட்டது என்று உட்கார்ந்து அழுகிறார்கள்.

*கட்டை சொன்னதும் ஆறு சொன்னதும்*

'சுர்' என்றது கட்டை. ஆறு ஒன்றும் சொல்லவில்லை.

பேங்கில் மேனேஜர் அறை வாசலில் நிற்கிறீர்கள். நெஞ்சு திக்திக்கென்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. "நம்மால முடியாது, அதான் உடம்பு இப்படிப் பண்ணுது" என்று படித்துக்கொள்கிறீர்கள். உடம்பு அப்படிச் சொல்லவே இல்லை. ஏதோ முக்கியமான காரியம் நடக்கப்போகிறது என்று அட்ரினலினைச் சுரந்து ரத்தத்தை வேகப்படுத்தியிருக்கிறது, அவ்வளவுதான். பொங்கல் கபடிப் போட்டியில் கடைசிப் பாயின்ட்டுக்குப் பாடிப் போகிறவனுக்கும் இதே திக்திக்தான். அங்கே அதற்கு யாரும் பயம் என்று பெயர் வைப்பதில்லை. நாம் கொண்டுபோன நெருப்பின் சத்தத்தை ஆற்றின் குணம் என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தப்பு.

இரண்டாவது சோதனையைப் பலரும் கவனிப்பதில்லை. அணைந்த கட்டையும் ஆற்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. முதல் நாள் ராத்திரி யூடியூபில் தன்னம்பிக்கைப் பேச்சு கேட்டுவிட்டு, "இன்னிக்கு மனசு தெம்பா இருக்கு, போய்டலாம்" என்று கிளம்புவது இந்த இரண்டாவது சோதனைதான். தெம்பு நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தெம்பு இருந்தால்தான் போவேன் என்று வைத்துக்கொண்டால், அது இல்லாத நாளில் வீட்டிலேயே உட்கார வேண்டியதுதான். மேடைப் பேச்சாளர்கள் மேல் எனக்கு உள்ள வருத்தம் இதுதான். கட்டையை அணைக்கச் சொல்லித் தருகிறார்கள். ஆழம் பார்க்கச் சொல்லித் தருவதில்லை.

*உப்பு எப்படிப் போனது?*

தாத்தா பொய் சொல்லவில்லை. உப்பு போனது நிஜம். காரணம்தான் தப்பு.

நம் வீடுகளில் இப்படிப்பட்ட உப்பு மூட்டைக் கதைகள் நிறைய உண்டு. சித்தப்பா ஒரு காலத்தில் இன்டர்வியூவுக்கு மெட்ராஸ் போனார், வேலை கிடைக்கவில்லை; "நம்ம ஊர்க்காரனுக்கு எவன் குடுப்பான்?" என்று திரும்பி வந்தார். அந்த ஒரு வாக்கியம் முப்பது வருஷமாக வீட்டில் நடமாடி, இப்போது உங்கள் அண்ணன் மகன் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது. உண்மையில் என்ன நடந்திருக்கும்? சர்டிபிகேட்டில் ஒரு கையெழுத்து குறைந்திருக்கலாம். அந்த வேலைக்கு வேறொரு தகுதி கேட்டிருக்கலாம். சாதி பார்த்தும் ஒதுக்கியிருக்கலாம். அதுவும் நடக்கிற காரியம்தான், மூடி மறைப்பதில் பிரயோஜனமில்லை. எதுவாக இருந்தாலும், காரணம் தெரிந்தால் அடுத்த முறை உப்பை எதில் வைத்துக் கட்டுவது, எந்தப் பாலம் வழியாகப் போவது, யாரிடம் முறையிடுவது என்று யோசிக்கலாம். "ஆறு திருடிடுச்சு" என்று விட்டுவிட்டால் மிஞ்சுவது பயம்தான்.

ஆகவே முதல் வேலை இது. உங்களைத் தடுக்கிற குடும்பக் கதை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நேரடியாகச் சம்பந்தப்பட்டவர் இருந்தால் அவரிடமே போய், டீ குடித்துக்கொண்டே, அன்று நடந்ததை வரிசையாகக் கேளுங்கள். என்ன வேலை, என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னீர்கள், அப்புறம் என்ன? பெரும்பாலான கதைகள் மூன்றாவது கேள்விக்குள் இளைத்துவிடும்.

ஊருக்கே பொதுவான உப்புக் கதை ஒன்றும் உண்டு: 'பின்தங்கிய மாவட்டம்'. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80.09 சதவீதம், பெரம்பலூரில் 74.32, அரியலூரில் 71.34. பள்ளிக்கூடங்களுக்கும் பஸ்களுக்கும் அரசிடம் கேட்க வேண்டியவர்கள் கையில் இருக்க வேண்டிய எண் இது. தனி ஒருவர் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும் எண் அல்ல. பெரம்பலூரில் ரயில் இல்லை என்பதால் யாரும் சென்னைக்குப் போகாமல் இருந்துவிடவில்லை, அரியலூருக்கு வந்து ஏறிக்கொள்கிறார்கள்.

*கிணற்றில் கற்றது*

பெரம்பலூர்ப் பக்கம் வருஷம் பூரா தண்ணீர் ஓடுகிற பெரிய ஆறு கிடையாது. எங்களுக்கெல்லாம் கிணறுதான் நீச்சல் பள்ளி. பாறையை உடைத்து இறக்கிய பெருங்கிணறு. மேலிருந்து பார்த்தால் தண்ணீர் கருப்பாகத் தெரியும். மாமா முதல் நாள் என்னைக் கிணற்றில் இறக்கவே இல்லை. படியில் உட்காரவைத்து, காலை மட்டும் தண்ணீரில் தொங்கப்போடச் சொன்னார். அடுத்த நாள் கழுத்தளவு, ஆனால் கை படிக்கல்லைப் பிடித்தபடி. அதற்கப்புறம் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைத் தம் கையில் வைத்துக்கொண்டு விட்டார். குடுக்கையை எப்போது அவிழ்த்தார் என்று எனக்கு ஞாபகமே இல்லை. பக்கத்துக் கிணற்றில் ஒரு பையனை அவன் பெரியப்பா 'தானா வந்துரும்' என்று தொபுக்கென்று தூக்கிப்போட்டார். அவன் இன்றைக்கும் மோட்டார் மேடைப் பக்கம் போகமாட்டான்.

மாமா எந்த மனோதத்துவப் புத்தகமும் படித்தவர் இல்லை. ஆனால் 1924-இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இந்தக் கிணற்றுப் பாடம்தான். முயலைக் கண்டாலே அலறிய பீட்டர் என்ற சின்னப் பையன். அவன் பிடித்ததைத் தின்றுகொண்டிருக்கும்போது முயல் கூண்டை அறையின் தூரத்து மூலையில் வைத்தார். அவன் தாங்கும் அளவுக்குப் பார்த்துப் பார்த்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தடவிக்கொடுத்தான். இன்றுவரை பயத்துக்குத் தரப்படும் சிகிச்சைகளில் இந்த முறைக்கு முக்கியமான இடம் உண்டு.

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்கிறோம். ஆழம் எப்படித் தெரியும்? ஒரு காலை விட்டால்தான் தெரியும். இன்னொரு கால் படியில் இருக்க வேண்டும், அவ்வளவே.

செந்துறையில் ஒரு பெண், பி.காம் முடித்தவள் என்று வைத்துக்கொள்வோம். இன்டர்வியூ என்றால் தொண்டை அடைக்கிறது. நேராக இன்டர்வியூவுக்குப் போகச் சொல்வது தொபுக்கென்று தூக்கிப்போடுகிற வேலை. அவள் ஒரு தாளில் மேலே 'இன்டர்வியூ' என்று எழுதி, பயத்துக்கு நூறு மார்க் போடுகிறாள். அடியில் என்ன எழுதலாம்? கதவைச் சாத்திக்கொண்டு தன்னைப் பற்றி இரண்டு நிமிஷம் செல்போனில் பேசிப் பதிவு செய்வது, இருபது மார்க். அதைத் தானே கேட்பது முப்பது (பேசுவதைவிடக் கேட்பதுதான் கஷ்டம், செய்து பாருங்கள்). தங்கச்சி முன்னால் பேசுவது, முப்பத்தைந்து. போஸ்ட் ஆபீஸில் வரிசையில் நின்று, தெரிந்த விஷயத்தையே வாய்விட்டு ஒரு கேள்வியாகக் கேட்பது, நாற்பது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி நடத்துகிறார்கள், தன்னார்வப் பயிலும் வட்டம் என்று பெயர். அங்கே போய் விவரம் கேட்பது ஐம்பது. கிராம சபையில் எழுந்து நின்று தெருவிளக்கைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் பேசுவது எழுபத்தைந்து. வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. காசில்லாமல் கிடைக்கும் இப்படியொரு பேச்சுப் பயிற்சி மேடையை நம் பிள்ளைகள் பயன்படுத்துவதே இல்லை.

ஒரு படியில் எவ்வளவு நேரம் நிற்பது? இதில்தான் பலர் தவறவிடுகிறார்கள். போஸ்ட் ஆபீஸ் வரிசையில் நிற்கும்போது பயம் ஏறும். உச்சத்துக்கு வரும்போது வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டால் உடனே ஒரு நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதிதான் விஷம். 'தப்பிச்சோம்' என்று மனசு எழுதிவைத்துக்கொள்ளும், அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வரும். கட்டையோடு ஓடிவந்த சீடனுக்கும் இதுதான் நடந்தது. ஓடியதாலேயே ஆறு சீறியது உறுதியாகிவிட்டது. ஆகையால் ஏறின பயம் பாதியாவது இறங்கும்வரை அந்த இடத்திலேயே நில்லுங்கள். நின்றால் இறங்கும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். அதே படியை இரண்டு மூன்று தடவை செய்து, அலுப்பு வந்த பிறகு அடுத்த படி. தைரியம் வந்துவிட்டதா என்று பார்க்காதீர்கள். அலுப்பு வந்ததா என்று பாருங்கள்.

எல்லாப் பயத்தையும் இப்படி விரட்டக் கூடாது. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் பக்கம் மருதையாற்று வெள்ளத்தில் ரயில் பாலம் சேதமாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளானது. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்த விபத்து அதுதான். அன்று ஆறு விழித்துத்தான் இருந்தது. சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துவிட்டு விட்ட பள்ளங்களில் பச்சையாகத் தேங்கி நிற்கும் தண்ணீரைக் கண்டு பயந்தால், அந்தப் பயத்தைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள். எனக்கு உதவுகிற கேள்வி ஒன்று: இது தவறிப்போனால் போவது உயிரா, மானமா? உயிர் என்றால் கரையில் நிற்பதே புத்தி. மானம் என்றால் ஒரு காலை விடலாம். ஆனால் இந்தக் கேள்வி எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கோச்சிங் கிளாஸிலிருந்து திரும்பும் பெண்ணின் பயம் தன்னம்பிக்கைக் குறைவு அல்ல. அவளுக்கு வேண்டியது பஸ்ஸும் வெளிச்சமும்.

*இடுப்புக் கயிறு*

கயிற்றின் மறுமுனையை யாராவது பிடித்திருக்க வேண்டும். புதுக்கோட்டை நமக்குத் தூரமில்லை. அங்கே 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். ஊர் கேலி செய்யாமல் இல்லை. ஆனால் ஒருத்தி தனியாக ஓட்டினால்தான் வேடிக்கை, தெருவே ஓட்டினால் எவ்வளவு நேரம் வேடிக்கை பார்ப்பது? நீங்களும் தனியாக ஆரம்பிக்காதீர்கள். ஒரே பயம் உள்ள மூன்று பேர் சேர்ந்தால் போதும், வாரம் ஒரு நாள், யார் வீட்டுத் திண்ணையிலாவது.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் எழுதிய கட்டுரையில், 'என்னால் முடியும்' என்ற எண்ணத்துக்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடம்பின் நிலை. இவற்றில் வலுவானது முதலாவது. இரண்டாவதில் 'தன்னைப் போன்றவர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஹாக்கியில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவுக்கு ஒரு கோல் விழுந்தது. அடித்தவர் அரியலூர்க்காரர், கார்த்தி செல்வம். எந்த உலக நட்சத்திரத்தின் போஸ்டரைவிடவும் அரியலூர் பள்ளிக்கூடத்துச் சுவரில் அந்தப் படம் அதிக வேலை செய்யும்.

கயிறு பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிட வேண்டும். பயத்தால் வாரக்கணக்கில் தூக்கம் போய்விட்டது, வீட்டைவிட்டு வெளியே வர முடியவில்லை, உயிரோடு இருப்பதே வீண் என்று தோன்றுகிறது என்றால், இந்தப் புத்தகத்தை மூடி வையுங்கள். 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டுக்குள் 104-லும் ஆலோசனை கிடைக்கும். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலேயே டாக்டரைப் பார்க்கலாம். முதுகுவலிக்குச் சீட்டு வாங்குவதுபோல் ஒரு ஓ.பி. சீட்டு, அவ்வளவுதான்.

*ஆறு பேர்*

அக்கரையில் அழுதுகொண்டிருந்தவர்களை ஒரு வழிப்போக்கன் பார்க்கிறான். காணாமல் போனவனை வரவழைக்கிறேன் என்று பணம் வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி வைத்து எண்ணுகிறான். ஆறு பேரும் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் தன்னம்பிக்கைப் பயிலரங்குகள் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான் என்று எனக்கொரு சந்தேகம் உண்டு.

அடிபடாமலும் காசில்லாமலும் எண்ண வழி இருக்கிறது. நம் ஆட்கள் மற்றவர்களை எண்ணுவதில் கெட்டிக்காரர்கள். பக்கத்து வீட்டுப் பையனின் மார்க், ஒன்றுவிட்ட அக்கா மகளின் கம்பெனி, அவள் சம்பளம், எல்லாம் விரல் நுனியில் இருக்கும். "நீ என்ன செஞ்சிருக்க?" என்று கேட்டால் மட்டும், "நான் என்னத்தச் செஞ்சேன்" என்று வரும். வெங்காயக் காட்டில் விடியற்காலை நாலு மணிக்கு ஆள் சேர்த்து, கூலி பேசி, மூட்டை பிடித்து, திருச்சி மார்க்கெட்டில் விலைக்கு மல்லுக்கட்டி விற்றுவிட்டு வந்த பெண், இன்டர்வியூவில் 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதுவாள். ஆள் மேலாண்மை, பேரம், கணக்கு எல்லாமே அந்த ஒரு நாளில் இருக்கிறது. எண்ணுகிறவள் தன்னை விட்டுவிட்டாள்.

ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ கொடுத்து ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். செல்போனில் வேண்டாம், அது வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். பயந்துகொண்டே செய்த காரியத்தை ஒரு வரியில் எழுதுங்கள். செய்யும் முன் என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், என்ன நடந்தது என்பது அடுத்த வரி. பாராட்டு, சபதம், பெரியவர்கள் பொன்மொழி எதுவும் அந்த நோட்டில் வேண்டாம். தோற்றதையும் எழுத வேண்டும். 'வாய் குளறியது, அவர் மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன்' என்பது வெற்றியா தோல்வியா என்று அன்றைக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்துப் புரட்டும்போது தெரியும்.

முதல் வரியாக எதை எழுதுவது என்று யோசித்தே நான்கு நாள் ஓட்டுகிறவர்கள் உண்டு. பெரிதாக ஒன்றும் வேண்டாம். 'பெரம்பலூர் பாலக்கரையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் துறையூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டேன். முறைப்பார் என்று நினைத்தேன். கையைக் காட்டினார்.' தேதியைப் போட்டு நோட்டை மூடுங்கள்.